கொல்லைக்குப் போகாத நெட்

காலை ஒன்பதரை மணி மீட்டிங். முன்கட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஜோராக ஓடுகிறது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. பின்பக்கத்தில், ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த கொட்டகையை இடித்துக் கட்டிய ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் மட்டும், “நான் பேசுறது கேக்குதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஈரோட்டுப் பக்கத்துத் தோட்டத்து வீடோ, கும்பகோணத்துப் பட்டாசாலை வீடோ, நாகர்கோவில் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடோ, இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு லேப்டாப்போடு சொந்த ஊருக்கு வந்தவர்களில் கணிசமானவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, பி.பி.ஓ. மாதிரியான நிறுவனங்களுக்கு இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தி, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சட்டப்படி வழிவிட்டது. முதல் சில மாதம் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வேலை நடந்தது. பிறகு குக்கர் விசிலும் சாயங்கால சீரியலும் பொறுக்காமல், வீட்டை விட்டுத் தள்ளித் தனி அறை தேட ஆரம்பித்தார்கள். மோட்டார் ரூமுக்கு டைல்ஸ் வந்தது, நெல் மூட்டை அடுக்கிய குடோனுக்கு ஜன்னல் வந்தது. சுண்ணாம்பு, பெயின்ட், ஏ.சி., சுழல் நாற்காலி எல்லாம் முடிந்து குடிபோன பிறகுதான், நெட் மட்டும் வரவில்லை என்பது தெரிகிறது.

தனி அறைக்குக் கம்பி இழுக்கும் ஆசை புதிதல்ல. நாடக ஆசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா, இங்கிலாந்தில் அயாட் செயின்ட் லாரன்ஸ் என்ற கிராமத்தில் 1906 முதல் 1950-ல் இறக்கும்வரை வாழ்ந்தவர். தோட்டத்துக் கோடியில், வெயிலுக்குத் தக்கபடி திருப்பி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு மரக்குடிலில் உட்கார்ந்துதான் எழுதினார். அந்தக் குடிலுக்கு மின்சாரமும் போயிருந்தது, வீட்டோடு பேசத் தொலைபேசியும் போயிருந்தது. குடிலுக்கு ‘லண்டன்’ என்று பெயர் வைத்து, வேண்டாத விருந்தாளி வந்தால் ‘ஐயா லண்டனில் இருக்கிறார்’ என்று வேலைக்காரர்கள் பொய் சொல்லாமலே தப்பிக்க வழி செய்திருந்தார் மனிதர். பேசுவதற்கு அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஜோடிக் கம்பி. இப்போதைய தேவையும் ஒரே ஒரு கம்பிதான். அதை எதனால் செய்வது, எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், பிளானை ஏற்றுவது. வீடியோ மீட்டிங்கில் முகம் பளிச்சென்று தெரிய, ஜூம் போன்ற செயலிக்கு ஒரு திசைக்கு நாலு எம்பிபிஎஸ் கூடத் தேவையில்லை. 300 எம்பிபிஎஸ்ஸை 500 ஆக்கினால் ரவுட்டர் வரைக்கும் 500 வரும், அவ்வளவுதான். முற்றத்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் போகிற வழி அதே வழி. குறுக்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ரெண்டு இருக்கும், பழைய வீடென்றால் ஒன்றரை அடி கனத்திலேயே இருக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி, கொட்டகைக் கூரையில் தகரம், மழைநாளில் நனைந்து நிற்கும் வேப்பிலை என்று ஒவ்வொன்றும் வைஃபை அலையில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. லேப்டாப்பில் மூன்று கோடு முழுசாகத் தெரியும், ஆனால் பேச்சு போகாது. அந்தக் கோடுகள் ரவுட்டர் பேசுவது லேப்டாப்புக்குக் கேட்கிறது என்று மட்டும்தான் சொல்கின்றன. லேப்டாப்புக்கு ரவுட்டர் அளவுக்குத் தொண்டை கிடையாது. அது பேசுவது ரெண்டு சுவர் தாண்டிப் போய்ச் சேரவேண்டுமே!

அடுத்தது ரிப்பீட்டர். வாங்குகிற அலையையே திரும்பக் கூவி அனுப்பும் பெட்டி. ஒரே சேனலில் கேட்கவும் பேசவும் செய்வதால் வேகம் பாதியாகும். மின்சார வயரிலேயே நெட்டை அனுப்பும் அடாப்டர்களும் கிடைக்கின்றன. ஆனால் நம் ஊரில் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கூடம் ஒரு ஃபேஸிலும் கொட்டகை இன்னொன்றிலும் இருந்தால், அந்த அடாப்டர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே சிரமப்படும். இரண்டையும் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடைசியில் எல்லோரும் வந்து சேர்வது லேன் வயரிடம். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் எழுதிய ஒரு குறிப்பில் பிறந்தது ஈதர்நெட். இன்றைக்கு முறுக்கிய நாலு ஜோடிச் செம்புக் கம்பியில் அது ஓட, விதி எளிது: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 100 மீட்டர், சுவருக்கு வெளியே தொங்கும் துண்டு வயர்கள் உட்பட. கொல்லை வரைக்கும் நாற்பது, ஐம்பது மீட்டர்தான் வரும் என்பதால், ‘கேட் 6’ வயர் ஒரு பெட்டி வாங்கி இழுத்துவிடுவது சுலபமாகத் தெரிகிறது.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பெட்டிக்கு 305 மீட்டர், அதாவது 1,000 அடி. சென்னை ரிட்சி தெருவில் ஏறி இறங்கினால் ஒரே ‘கேட் 6’ பெயரில், ஒன்றின் விலை மற்றதில் பாதிகூட இல்லாத பெட்டிகள் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கும். மலிவானதைக் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், எடை இருக்காது. உள்ளிருக்கும் மெல்லிய கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். அது செம்புமுலாம் பூசிய அலுமினியம். செம்பு கடத்துவதில் சுமார் 61 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் முறிந்தும் போகும். கேட்டகரி தரத்தில் இதற்கு இடமே கிடையாது. ஆனாலும் அட்டைப் பெட்டியில் பெரிதாக ‘கேட் 6’ என்றுதான் இருக்கும். அறைக்குள் மூன்று மீட்டர் ஓடினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஐம்பது மீட்டர் ஓடி, அந்த வயரிலேயே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நல்ல செம்பையே வாங்கினாலும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அதை இழுப்பதில் ஒரு பெரிய வம்பு காத்திருக்கிறது. அது சித்திரை மாதக் கோடை இடியோடு வரும். விட்டால் ஐப்பசியில் வரும்.

மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. அடுத்த வயலில் நிற்கும் பனை மரத்தில் விழுந்தால் போதும். சராசரி மின்னலில் பாயும் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அவ்வளவும் மண்ணுக்குள் இறங்கும்போது, விழுந்த இடத்துக்குப் பக்கத்து மண்ணின் மின்னழுத்தம் சட்டென்று எகிறும், தள்ளிப் போகப் போகக் குறையும். வீட்டுக்கு ஒரு எர்த் குழி, கொட்டகைக்கு வேறொரு எர்த் குழி. அந்த நொடியில் இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அதைச் சமன்செய்ய மின்சாரம் வழி தேடும்போது, இரண்டு கட்டடத்தையும் நேராக இணைக்கும் செம்புக் கம்பியை நாமே இழுத்துக் கொடுத்திருக்கிறோம். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்படுவது. அதற்கு மேல் போனால் ரவுட்டரும் போச்சு, மறுமுனையில் லேப்டாப் போர்ட்டும் போச்சு. ‘ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் பண்ணியிருந்தோமே, அப்புறம் எப்படிப் போச்சு?’ என்று மறுநாள் ஆச்சரியப்படுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கியவர்கள் லேன் வயரைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள்.

சர்ஜ் புரொடெக்டர் போடலாம். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய இரண்டு முனையிலும் வேண்டும், இரண்டு பக்கமும் எர்த் நன்றாக இருக்க வேண்டும். கோடையில் எர்த் குழிக்கு எத்தனை வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இதை நம்பி இறங்குவது கஷ்டம்.

ஆகவே ஒரு கூரையின் கீழே செம்பு, இரண்டு கூரைக்கு நடுவே கண்ணாடி. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. மின்னலுக்கு அது ஒரு வழியே இல்லை. வீட்டில் எது வெடித்தாலும் இதன் வழியாகக் கொட்டகைக்கு வராது, கொட்டகையில் நடப்பது வீட்டுக்குத் தெரியாது. தூரமும் ஒரு பொருட்டல்ல. இங்கே கிடைக்கும் சாதாரணக் கருவியே இருபது கிலோமீட்டர் போகும் என்று அட்டையில் போட்டிருக்கும், கொல்லையின் நாற்பது மீட்டர் அதற்கு ஒரு எட்டுகூட இல்லை. ஃபைபர் என்றால் பெரிய கம்பெனி சமாசாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்கள் வாசலில் தொங்கும் கறுப்பு ஒயரை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். கேபிள்காரர் அந்தத் தெருவுக்கே இழுத்திருப்பது அதைத்தான்.

தேசிய கண்ணாடி இழைத் திட்டமாக 2011-ல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் ஆன திட்டத்தின் நோக்கமே ஊராட்சிதோறும் ஃபைபர். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு அதைக் கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்துக்கு. மத்தளம்பாறை போன்ற தென்காசிக் கிராமத்திலிருந்து ஜோஹோ 2011 முதல் உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறது. ஊருக்குள் ஒளி வந்து சேர்வது இனி அதிசயமில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து கொல்லைக்குப் போகிற தூரத்துக்குத்தான் எந்தத் திட்டமும் கிடையாது, அது வீட்டுக்காரர் பாடு.

இங்கே பலரும் நினைக்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. கேபிள்காரர் கொடுத்த ஃபைபரையே வீட்டில் ஒரு ஸ்பிளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பெட்டியைக் கொட்டகையில் மாட்டினால் என்ன? நடக்காது. வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் வரிசை எண் ஆபரேட்டரின் தலைமைக் கருவியில் பதிவாகியிருக்கும். பதிவில்லாத பெட்டியை அது வாசலிலேயே நிறுத்திவிடும். பதிவு செய்தால் அது இரண்டாவது கனெக்‌ஷன், இரண்டாவது பில். ஓஎன்டியையே கொட்டகைக்கு மாற்றச் சொல்லிவிடலாம். அப்படிச் செய்தால் கொட்டகையில் பிரமாதமாக ஓடும், கூடத்தில் சீரியல் சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்கு வீட்டில் என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

சரியான வழி, ஓஎன்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து கொல்லைக்குத் தனியாக ஒரு ஃபைபர். இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற கையடக்கப் பெட்டி. லேன் வயரில் வருவதை ஒளியாக்கி அனுப்பும், மறுமுனையில் ஒளியைத் திரும்ப லேன் வயருக்குத் தரும். ஒரே இழையில் போகவும் வரவும் இரண்டு நிற ஒளி வேண்டும் என்பதால், இதை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று ஏ, மற்றது பி. இரண்டு ஏ வாங்கி வந்து நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்கள் உண்டு. கொட்டகைப் பக்கம் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச்சும், ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய ஒரு பழைய ரவுட்டரும் வைத்துவிட்டால் அங்கே வைஃபையும் தயார். மொத்தத்தில் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சாமான்.

இழையின் முனையைச் சேர்ப்பது மட்டும் வீட்டுக்காரர் கையில் ஆகாது. ஸ்பிளைசிங் தெரிந்த பையன் வர வேண்டும். பெரும்பாலும் கேபிள்காரரிடம் வேலை பார்ப்பவர்தான், முதுகுப் பையில் மெஷினோடு பைக்கில் வந்து இறங்குவார். கேபிளின் கறுப்புத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வண்ணப் பூச்சையும் வழித்தெடுத்தால் மிஞ்சுவது 125 மைக்ரான் கண்ணாடி, மயிரிழையைக் கொஞ்சம் பருமனாக்கிய அளவு. அதற்குள் ஒளி ஓடும் தடம் வெறும் ஒன்பது மைக்ரான். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்தால் ‘கீச்’ என்று சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால்தான் சுத்தம். பிறகு கிளீவரில் வைத்து ஒரு தட்டு. முனை செங்குத்தாக வெட்டுப்படும். இரண்டு முனையையும் மெஷினில் வைத்து மூடினால் திரையில் இரண்டு தூண் மாதிரி எதிரெதிரே வந்து நிற்கும், மேலும் கீழும் அசைந்து தாமே நேராகும். ஒரு மின்பொறி. இரண்டும் ஒன்றாக உருகிவிடும். திரை ஓரத்தில் 0.01 என்றோ 0.02 என்றோ இழப்புக் கணக்கு வரும். 0.1-ஐத் தாண்டினால் பையன் முகம் சுளித்து, வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். இத்தனைக்கும் நடுவே, வெட்டிய கண்ணாடித் துணுக்கு ஒன்றுகூடத் தரையில் விழக் கூடாது. காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு இடத்திலும் கண் வைக்க வேண்டும். கனெக்டர் தலையில் பச்சை, நீலம் என்று இரண்டு உண்டு. பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாகச் சீவியிருக்கும், நீலத்தின் முனை நேர். ஒன்றுக்குள் ஒன்று அழகாக மாட்டிக்கொள்ளும், ஒளிதான் ஒழுங்காகப் போகாது. ‘மாட்டிட்டோம், லைட்டும் எரியுது, ஆனா விட்டு விட்டு வருது’ என்று வரும் புகார்களில் இந்தக் கலர் குழப்பத்துக்கு நல்ல பங்கு இருக்கிறது.

ஆனால் ஸ்பிளைசிங்கும் கன்வெர்ட்டரும் அரை நாள் வேலை. காசும் உழைப்பும் உண்மையில் போவது குழியில். ஆளாளுக்கு எந்தப் பிராண்டு வாங்கலாம் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள், குழி வெட்டுகிற அன்றைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்ட ஒயருக்கு ஆயுசு அடுத்த ஆடிக் காற்று வரைக்கும். தேங்காய் மட்டை ஒன்று விழுந்தால் அதுவும் இல்லை. மண்ணுக்குள் அப்படியே புதைத்தால் பெருச்சாளிக்கு விருந்து. ஓட்டு இறவாரத்தில் ஓட்டினால் அணில் விடாது. எனவே ஒன்றரை அடி, இரண்டு அடி ஆழத்தில் குழாய் போட்டு, அதற்குள் கேபிள். குழாயை வேறெங்கும் தேட வேண்டாம். போருக்குப் போடும் கறுப்பு எச்டிபிஇ பைப் சுருளாகக் கிடைக்கிறது, நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாக ஓட்டலாம். பிவிசி போடுகிறவர்கள் மூலைகளில் எல்போ வைக்கவே கூடாது. தண்ணீர் திரும்பும், கேபிள் திரும்பாது. நீள வளைவுள்ள பெண்டு வேண்டும். கரண்ட் வயரும் நெட் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது என்பதை எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ‘இடம் இருந்துச்சுங்க’ என்று அதிலேயே செருகிவிடுவார். கேபிளை இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டு வைக்கலாம். பின்னால் ஒருநாள் இன்னொரு கேபிள் போட நினைத்தால் அந்தக் கயிறுதான் கை கொடுக்கும். குழியைத் திறந்ததே திறந்தாயிற்று, காலிக் குழாய் ஒன்றையும் பக்கத்தில் போட்டு மூடுவதற்குக் கூடுதல் செலவு குழாயின் விலை மட்டும்தான்.

குழாய்தான் சொத்து, கேபிள் பிறகு வரலாம் என்பதை ஒரு ஊரே செய்து காட்டியிருக்கிறது. வட இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் நல்ல நெட் கொடுக்கத் தயங்கியபோது, ஊர்க்காரர்களே 2011-ல் ‘பி4ஆர்என்’ என்ற பொதுநல அமைப்பைத் தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் வயல் வழியாகக் குழி வெட்ட இலவசமாக விட்டார்கள். மண்வெட்டியும் டிராக்டருமாக ஊரே இறங்கிக் குழாயைப் புதைத்தது. பிறகு அதற்குள் காற்றழுத்தத்தால் இழையை ஊதி அனுப்பினார்கள். பண்ணை வீடுகளுக்குப் போகவும் வரவும் விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் கிடைத்தது. சாலையோரம் வெட்டினால் ஆகும் செலவுக்கு வயல்வெளியில் பல மடங்கு தூரம் போக முடிந்ததுதான் அவர்களுடைய கணக்கு.

நம்மிடமும் அதே கணக்குதான். சொந்தக் காம்பவுண்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். வீடு ஒரு பக்கமும் கொட்டகை ஊராட்சி ரோட்டுக்கு மறுபக்கமும் இருந்தால், ரோட்டைக் கடக்க அனுமதி வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கும், நடுவில் பங்காளி நிலம் இருந்து பேச்சுவார்த்தையும் இல்லாதவர்களுக்கும் ரேடியோ பிரிட்ஜ்தான் கதி. இரண்டு மாடியிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி தட்டு ஆன்டெனா. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் பகுதியை மத்திய அரசு 2018-ல் விரிவாக்கியது, அதனால் சட்டச் சிக்கல் இல்லை. நடுவில் எதுவும் குறுக்கிடாத வரைக்கும் பிரமாதமாக வேலை செய்யும். இன்றைக்கு இடுப்பளவு நிற்கும் தென்னங்கன்று ஏழெட்டு வருஷத்தில் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டு கம்பம் நட வேண்டும்.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. கன்வெர்ட்டர் இரண்டு முனையிலும் இருப்பதால், இரண்டு முனையிலும் கரண்ட் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் வரச் சாயங்காலம் ஆகும் நாளில், கொட்டகையில் பெரிய யுபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தும் நெட் இல்லாமல் போவது இதனால்தான். வீட்டில் ஓஎன்டியும் கன்வெர்ட்டரும் அணைந்து கிடக்கும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன மினி யுபிஎஸ் ஒன்றை அங்கே வைத்தால் சில மணி நேரம் தாங்கும். கொட்டகைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பக்கத்திலேயே பம்ப்செட் இருக்கிறதென்று விவசாய இலவச இணைப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஏ.சி.க்கும் இழுத்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அபராதம் போட இடமிருக்கிறது. வீட்டு மீட்டரிலிருந்து தனி கேபிள் போட வேண்டும், அதற்குத் தனிக் குழாய்.

குழியை மூடுவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. டேப்பை நீட்டிப் பிடித்து, காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி செல்போனில் நாலு போட்டோ எடுத்து, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். அடுத்த வருஷம் செப்டிக் டேங்க் வெட்ட ஜேசிபி வரும்போது, ‘இந்தப் பக்கம் ஏதாவது போகுதாங்க?’ என்று டிரைவர் கேட்பார். அப்போது வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார்.